கண்மாய்க்கரைக்கு ஒரு வண்டி

வண்டி வாங்குவதென்று முடிவானதிலிருந்து எங்கள் வீட்டுக்கு யோசனை சொல்ல வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. காப்பி போட்டுக் கொடுத்தே எனக்குக் கை ஓய்ந்துபோயிற்று. வந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அத்தனை பேரும் பேசியது மைலேஜ், ரீசேல், கலர். "அவரு இதுல எப்படி ஏறுவாரு?" என்று ஒரு மனுஷனாவது கேட்க வேண்டுமே! எனக்குத் தெரிய வேண்டியிருந்ததோ அது ஒன்றுதான்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று முறை புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், மல்லாந்து படுக்க முடியாது. இரண்டு முறை தவறினால் ஆள் தாங்க மாட்டார் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சுற்றி வளைக்காமல் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதனாலேயே அந்த டாக்டரை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் ஊர் பொன்னமராவதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தார் ரோட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு காட்டாறு. கோடையில் அதை ஆறு என்று சொன்னால் சிரிப்பார்கள், உள்ளே ஆடு மேயும். ஐப்பசி கார்த்திகையில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் அடித்துப் பெய்தால் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடும். அப்புறம் ஊருக்கு இருக்கிற ஒரே வழி கண்மாய்க்கரை. அதுவும் வழியா என்று கேட்டால், மாடு போகும், மனுஷன் போவான், பைக் பாதி தூரம் போகும். களிமண் கரை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். நடுவில் அரித்துப்போன இடத்தில் டிராக்டர் போவதற்கு அகலம் பத்தாது.

போன மழைக்கு எங்கள் சின்னக் கார் அந்தக் கரையில் ஏறும்போதே வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்தார்கள். நான் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு ஓடினேன். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கி, நாற்காலியோடு மனுஷர் சரிந்து, நல்லவேளை வயல் பக்கமாக விழுந்தார். சேற்றோடு சேறாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே விடும் முன் நர்ஸ் அவரைக் கழுவிவிட வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது அவர் சொன்னார்.

"அடுத்த மழைக்கு நான் நாற்காலியில போகமாட்டேன். நாலு சக்கரமும் இழுக்குற வண்டி ஒண்ணு வாங்குவோம்."

டவுனில் வீடு பிடித்துப் போய்விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "ஊரை விட்டு வந்து டவுன்ல ஒண்டுக்குடித்தனத்துல கெடந்து சாகச் சொல்றியா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அவர் ஆட்டோமொபைல் படித்தவர். ஊர்முனையில் பட்டறை வைத்திருந்தார். உடம்புக்கு முடியாமல் போனதும் அதை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். மருந்து, ஊசி, குடிக்கிற தண்ணீருக்கு அளவு, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது என்று எல்லாமே கூடாதாகிப்போன மனுஷருக்கு வண்டிப் பேச்சு ஒன்றுதான் கூடியது. டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் படுத்துக்கொண்டு போனில் வண்டி வீடியோ பார்ப்பார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கும்போது, கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டியின் வயிறு தரையிலிருந்து எத்தனை உயரம் என்று, எனக்கு மெசேஜ் வரும். அவரைக் காலையில் முதல் ஷிஃப்டில் விட்டுவிட்டு நான் டவுனிலேயே இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். முடிந்ததும் அவர் அங்கேயே பெஞ்சில் படுத்திருப்பார். பள்ளி விட்டதும் கூட்டிக்கொண்டு வருவேன். ஆக, வாங்குகிற வண்டி தினமும் நான் ஓட்டுகிற வண்டியாகவும் இருக்க வேண்டும், மழைக்குக் கரையில் ஏறுகிற வண்டியாகவும் இருக்க வேண்டும், அவர் ஏறி இறங்குகிற வண்டியாகவும் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றில் கிடைப்பது அத்தனை சுலபம் இல்லை.

முதலில் ஆலங்குடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்காரர் வைத்திருந்த ஜீப்பைப் பார்க்கப் போனோம். இரண்டாம் கைக்கு விற்கிறார் என்று கேள்விப்பட்டு என் கணவர் பிள்ளை மாதிரிக் கிளம்பினார். செம்மண் வாரிப் பள்ளத்தில் அந்த ஜீப் இறங்கி ஏறியதைப் பார்த்ததும் அவர் முகமே வேறாகிவிட்டது. "பாரு, பாரு, ஒரு சக்கரம் தூக்கி நிக்குது, ஆனாலும் இழுக்குது பாரு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். சரி, ஏறிப் பாருங்கள் என்றேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டது. அவருடைய இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவது அங்கேதான். அந்தக் கையால் எதையும் பிடித்து இழுக்கக் கூடாது, அதில் எடை விழக் கூடாது. விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ரத்தம் ஓடுவது தெரியும். அது நின்றால் எல்லாம் நின்றது. முன்சீட்டில் ஏற அந்த ஜீப்பில் இருந்த கைப்பிடியோ இடது கைக்கு வாகாக இருந்தது. வலது கைக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஏற முயன்று, வழக்கத்தில் இடது கையை நீட்டிவிட்டார். நான் "கையி, கையி!" என்று கத்தினேன். தோப்புக்காரர் பாம்பைக் கண்டதுபோல் குதித்தார். பின்சீட்டுக்குப் போகலாம் என்றால் பின்னால் கதவே இல்லை.

"டீச்சர், ஒரு ஸ்டூலு போட்டுக்கலாம்" என்றார் தோப்புக்காரர்.

"கண்மாய்க்கரை சேத்துல ஸ்டூலு போடவா?" என்றேன். மனுஷர் ஜீப் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வண்டியில் வலது பக்கமாக, அதாவது டிரைவருக்குப் பின்னால், ஏறினால்தான் கைப்பிடி அவருடைய நல்ல கைக்கு வரும் என்று வீட்டுக்கு வரும் வழியில் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். ஆகவே நாலு கதவு. கால் வைத்து ஏறப் பக்கவாட்டில் படி. சேற்றில் மெதுவாக, பலமாக இழுக்க லோ கியர். கரையை விட அகலமில்லாத உடம்பு. அப்புறம் திருச்சியில் ஒரு ஷோரூமில் பெரிய உடம்புக்கார வண்டி ஒன்றைக் காட்டினார்கள். பார்த்தால் பயமாக இருந்தது. "இது முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பாக்கத்தான் யானை, மழையில ஆட்டுக்குட்டி" என்று என் காதில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு ஷோரூம் ஏறி இறங்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் அமைந்தது. நாலு கதவு, நாலு சக்கரமும் இழுக்கும், லோ கியர் உண்டு. விராலிமலை தாண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மண்ரோட்டில் என்னை ஓட்டச் சொன்னார். மேட்டில் ஏற்றச் சொன்னார், இறக்கச் சொன்னார், பள்ளத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். பின்னால் உட்கார்ந்துகொண்டு, பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி அதிகாரம். எனக்கு எரிச்சல் வந்து, "நான் லைசென்சு வாங்கி இருவது வருஷமாச்சு" என்றேன். "அது ரோட்டுல ஓட்ட. இது வேற" என்றார். கூட வந்த சேல்ஸ்மேன் திரும்பி அவரைப் பார்த்து, "சார் சொல்றது கரெக்ட் மேடம்" என்றான். அவனையும் முறைத்தேன்.

பணத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். கோவையில் ஹாஸ்டலில் படிக்கும் எங்கள் மகளுக்குப் போட்டோ அனுப்பினோம். "அப்பா, செமயா இருக்குப்பா, லீவுக்கு நான்தான் ஓட்டுவேன்" என்று பதில் போட்டாள்.

இப்போது எங்கள் வீட்டாரின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய பங்காளிகள், அதாவது ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற அப்பா வழிச் சொந்தக்காரர்கள், யார் எந்த வண்டி வாங்கினாலும் அது முதலில் போவது குலசாமி கோயிலுக்குத்தான். ஷோரூமிலிருந்து வீட்டு வாசலுக்கு வரலாம். அதோடு சரி. சாமி முன்னால் நிறுத்தி, எலுமிச்சை நசுக்கி, பங்காளிகள் எல்லோரும் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் வேறு எங்கும் போகும். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கோ சாவு வீட்டுக்கோ முதல் பயணம் போனால் அந்த வண்டி அந்த வழியைப் பழகிக்கொள்ளும் என்பார்கள். ஒரு பங்காளி புது பைக்கில் முதன்முதலாக ஆஸ்பத்திரிக்குப் போய் யாரையோ பார்த்துவிட்டு வந்தாராம், ஆறே மாதத்தில் அதே பைக்கில் அடிபட்டு அதே ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். இந்தக் கதையை எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். அந்தப் பங்காளி குடித்துவிட்டு ஓட்டினார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

வண்டி புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலையில் பங்காளி ஒருவர், வயசாளி, இறந்துபோனார். தீட்டு விழுந்துவிட்டது. பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரை பங்காளி யாரும் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. கோயிலுக்குப் போகாமல் வண்டி வேறு எங்கும் போகக் கூடாது. ஆக, மழைக்கென்று வாங்கின வண்டி மழைக்காலத்தில் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

"நல்லா இருக்கே கதை!" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குன்னே வாங்குன வண்டி. அது ஆஸ்பத்திரிக்குத்தான் முதல்ல போகக் கூடாதா?"

அவருடைய அண்ணன் அப்போது அங்கே இருந்தார். எனக்கு மூத்தார், நான் மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷர். என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கிய நாலு பேரில் ஒருவர்.

"ஆத்தா, பதினஞ்சு நாளுதானே. ஆட்டோவுல போயிட்டு வரட்டும். நல்லதுக்குத்தான சொல்றோம்" என்றார்.

"மழை பதினஞ்சு நாளு பொறுக்குமா மாமா?"

"பொறுக்கும், பொறுக்கும். இன்னும் மேகமே கட்டல."

நான் மூத்தாரோடு சண்டை போட்டுக்கூட ஜெயித்திருப்பேன். என் கணவரோடுதான் முடியவில்லை. என்ஜினைப் பிரித்துப் போட்டு ஒரு திருகாணி விடாமல் திரும்பச் சேர்க்கிற மனுஷர், கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "வேணாம் விடு. பதினாறு முடியட்டும்" என்றார். ஏங்க, நீங்க படிச்சவருதானே என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். நாளைக்கு அந்த வண்டியை ஓட்டப்போறது நீயும் பிள்ளையும். உங்களுக்கு எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

இப்படிச் சொல்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் வந்த கோபம் அழுகையாக வந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஆட்டோவில் போனோம். மழை கொஞ்ச நாள் பொறுத்தது. ஊரில் எல்லோரும் சொன்னது சரிதான் போல என்று நான்கூட நினைத்தேன். டவுனிலேயே அவரைக் கொஞ்ச நாள் தங்க வைக்கலாமென்று ஒரு சக டீச்சர் தன் வீட்டு மாடியைக் காட்டினார். "பங்காளி கருமாதிக்கு நான் ஊர்ல இல்லாம எப்படி?" என்று அதையும் தள்ளிவிட்டார். பிறகு ஒரு சனிக்கிழமை பிடித்தது மழை. ஞாயிறும் விடவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆட்டோக்காரர் போன் செய்தார்.

"டீச்சர், தரைப்பாலத்துல இடுப்பளவு போகுது. நா அங்கிட்டுத்தான் நிக்கிறேன். வர முடியாது."

நான் போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் தார்ப்பாயை உருவினேன். புது வண்டி நனைந்து பளபளவென்று நின்றது. உள்ளே சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "வாங்க, ஏறுங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். அவர் வரவில்லை.

"ஒரு தடவை தவறுனா ஒண்ணும் ஆகாது. முன்னாடி தவறலையா? புதன்கிழமை போவோம். தண்ணி வடிஞ்சிரும்."

கெஞ்சினேன். திட்டினேன். "இந்த வண்டி எதுக்கு, மாலை போட்டுக் கும்பிடவா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். மூத்தாரை வரவழைத்தேன். அவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "அவன் இஷ்டம் ஆத்தா" என்றார். நோயாளியைக் கையைக் காலைக் கட்டி ஏற்ற முடியுமா? முடிந்திருந்தால் ஏற்றியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை கால் வீங்கிவிட்டது. இரவெல்லாம் சுவரில் தலையணை சாய்த்து உட்கார்ந்தே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். உடனே கொண்டுவாருங்கள், உப்புச் சத்து ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று அந்த டாக்டர் சத்தம் போட்டார். புதன்கிழமை விடிந்தபோது அவருக்கு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. தண்ணீர் வடியவும் இல்லை.

மூத்தார் தானாகவே வந்தார். தம்பியைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"எந்திரிப்பா. போ. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

என் கணவர் தலையாட்டினார். எதற்கு அத்தனை நாள் காத்திருந்தோமோ, அது அந்த ஒரு வரியில் முடிந்துபோனது. நானும் மூத்தாருமாக அவரை வலது பக்கமாகக் கொண்டுபோய் ஏற்றினோம். கைப்பிடி அவருடைய நல்ல கைக்குச் சரியாக வந்தது. படியில் கால் வைத்து, உந்தி, உட்கார்ந்துவிட்டார். மூத்தார் அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கண்மாய்க்கரையில் ஏற்றினேன். மழை முன்கண்ணாடியை மறைத்தது. ஒரு பக்கம் தண்ணீர் கரைக்குச் சமமாக நின்றது. பின்னாலிருந்து அவர் குரல் துண்டு துண்டாக வந்தது.

"லோ… போட்டுக்க. ரெண்டாவது கியர்ல… போ."

போட்டேன். வண்டி சேற்றைக் கவ்விக்கொண்டு நகர்ந்தது. அரித்துப்போன இடத்தில் ஒரு சக்கரம் சறுக்கியது. என் கால் தன்னையறியாமல் பிரேக்குக்குப் போனது.

"பிரேக்குல கால வைக்காத. விடு. அதுவே… எறங்கும்."

விட்டேன். அதுவே இறங்கியது, அதுவே ஏறியது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அந்த வண்டியைப் போல ஒரு வண்டி இல்லை, அதை எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். சரியான வண்டியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். தார் ரோட்டில் ஏறியதும், "நாலு சக்கரத்தை எடுத்துட்டு… ரெண்டுக்கு மாத்திரு. ரோட்டுல… வேணாம்" என்றார். மாற்றினேன். எனக்கு ஒரே சந்தோஷம். கரையைத் தாண்டிவிட்டோமே, இனி ரோடுதானே என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டினேன். பிளாஸ்டிக் நாற்காலியெல்லாம் இனி நமக்கு எதுக்குங்க, பிள்ளை லீவுக்கு வந்ததும் இதுலயே எங்காச்சும் மலைக்குப் போவோம் என்றெல்லாம் சொன்னேன். கிளம்பும் முன் அவளுக்கும் போன் செய்து, அப்பாவைப் புது வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

புதுக்கோட்டை எல்லைக்குள் நுழையும்போது மூத்தார், "தம்பி… ஏய், தம்பி" என்றார். பிறகு, "ஆத்தா, வெரசாப் போ" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். கேஷுவாலிட்டியில் அவரை இறக்கி, நெஞ்சை அமுக்கினார்கள், ஊசி போட்டார்கள், மறுபடி அமுக்கினார்கள். அந்த டாக்டர் வெளியே வந்து, அன்றும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

ஆஸ்பத்திரி வண்டி அவரை ஆற்றுக்கு அந்தப் பக்கம், தார் ரோடு வரை கொண்டுவந்தது. தண்ணீரைப் பார்த்ததும் டிரைவர் கையை விரித்துவிட்டார். வேறு வழி? பின்னாலேயே ஓட்டிவந்த எங்கள் வண்டியின் பின்சீட்டை மடக்கி, அதில் அவரைக் கிடத்தி, நான்தான் கரையோடு ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மூத்தார் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதார். நான் அழவில்லை. லோ கியரில் போட்டு, பிரேக்கில் கால் வைக்காமல் ஓட்டினேன்.

மறுநாள் காலையில் ஆற்றின் அந்தக் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சொந்தக்காரர்கள், அவருடைய பட்டறை ஆட்கள், என் பள்ளிக்கூட டீச்சர்கள், மாலை, கோடித்துணி எல்லாம் அங்கே நின்றன. தண்ணீர் குறையவில்லை. ஊர் இளவட்டம் ஒருவன் அவர்களை ஏற்றிவரச் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கரையில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு, பத்துப் பேர் தள்ளித் திரும்பி வந்தான். கூடத்தில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மூத்தார் வந்து என் முன்னால் குனிந்தார்.

"ஆத்தா… தப்பா நெனைக்காத. வேற யாருக்கும் அந்த வண்டி வசப்படல. நீதான் போகணும்."

பெண்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டார்கள். புருஷன் கிடக்கிற வீட்டில் பெண்டாட்டி எழுந்து வண்டி ஓட்டப் போவதா என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். நான் எழுந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அங்கே உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கிளட்சை மிதிப்பது எனக்கு லேசாக இருந்தது. நடை நடையாக ஏற்றிவந்தேன். முதல் பயணம் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று சொன்ன பங்காளிகள் எல்லோரும் அந்த வண்டியில்தான் வந்தார்கள். ஒருவர்கூடத் தயங்கவில்லை. ஏறும்போது என் முகத்தைத்தான் பார்க்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு அப்போது கோபம் இல்லை. கூடத்தில் கிடந்தாரே, அவர் மேல்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று பார்த்தீர்களே, இப்போது எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள் என்று கரை முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அழுகை என்று நினைத்திருப்பார்கள்.

கோவையிலிருந்து மகளை அழைத்துவர மூத்தாரின் மகன் போயிருந்தான். அவளிடம் அப்பா ஐசியூவில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி, வீட்டில் துணிமணி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூட்டிவந்திருந்தான். கரை தார் ரோட்டில் சேரும் இடத்தில் தனியாக நிறுத்தி வைத்திருந்தான். கூட்டம் சற்றுத் தள்ளி, தரைப்பாலத்துப் பக்கம் நின்றது. அவள் தோளில் பையோடு நின்றிருந்தாள். வண்டியை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்னை ஸ்டியரிங்கில் பார்த்ததும் ஓடி வந்தாள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"நீ ஏம்மா இங்க இருக்க? அப்பாகூட யாரு இருக்கா?"

"எல்லாரும் இருக்காங்கம்மா" என்றேன். "ஏறு."